ஓனரம்மா மொட்டை மாடியில் ஒரு நட்சத்திர ஆமை. அல்சூர் ஏரியில் விட்டுவிடலாமா?

மூன்றாவது மாடி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். அல்சூரில் ஒரு பழைய வீட்டின் மூன்றாவது மாடியில் நானும் மனைவியும் ஒன்றரை வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். ஓனரம்மா கீழ்வீட்டில். எழுபது வயது தாண்டியவர், வேலூர்ப் பக்கத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக பெங்களூரில்தான். பத்து மாத அட்வான்ஸை எங்களுக்காக ஐந்தாகக் குறைத்தவர், காய்ச்சல் என்றால் மிளகு ரசம் வைத்து மேலே அனுப்புகிறவர். அதனால்தான் இந்தக் கேள்வியைக் கேட்கவே சங்கடமாக இருக்கிறது.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் டப் இருக்கிறது, அதில் ஒரு ஆமை. கறுப்பு ஓடு, ஒவ்வொரு மேட்டின் உச்சியிலிருந்தும் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் மாதிரிப் பிரிந்து இறங்கும். வெள்ளிக்கிழமை ஆனால் ஓட்டின் நடுவில் குங்குமம் வைப்பார். பெயர் லட்சுமி. நான்கு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு வாஸ்துக்காரர் சொன்னார் என்று அவருடைய மகன் சிவாஜிநகர்ப் பக்கம் ஒரு கடையில் சொல்லிவைத்து வாங்கி வந்தாராம். மகன் இப்போது துபாயில். ஆமை என்றால் தண்ணீரில்தானே இருக்கும் என்று டப்பில் எப்போதும் நான்கு விரற்கடை தண்ணீர் நிற்கும். சாப்பாடு தயிர்சாதமும் முட்டைகோஸும். ராத்திரி காய்ந்த துணியை எடுக்கப் போனால் அது டப்பின் ஓரத்தை நகத்தால் பிறாண்டும் சத்தம் கேட்கும். நான் துணி முழுக்க மடித்து முடிக்கும்வரை நிற்காது.

போன ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் நண்பர் ஒருவர் வந்திருந்தார். பார்த்ததும் முகம் மாறிவிட்டது, "இதை வைத்திருந்தாலே ஜெயில், தெரியுமா" என்றார். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று எங்கள் பாட்டி சொல்வார், இங்கே ஆமை ஏற்கெனவே புகுந்துவிட்டது, இனி அமீனாதான் பாக்கி.

உண்மையிலேயே ஜெயில்வரை போகுமா? வாடகைக்கு இருக்கும் எங்கள் மேலும் கேஸ் வருமா? அப்புறம் மூன்றாவதாக ஒரு யோசனை, திட்டாதீர்கள். அல்சூர் ஏரி வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. ஒரு ராத்திரி பையில் எடுத்துப்போய் விட்டுவிட்டு, ஓனரம்மாவிடம் எங்கோ போய்விட்டது என்று சொல்லிவிட்டால் என்ன? அதுவும் பிழைக்கும், அவருக்கும் பிரச்சினை இல்லை.

---

புதர்க்காடு:

ஏரியில் மட்டும் விடாதீர்கள், தயவுசெய்து. மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

அது தரை ஆமை. நீந்த வராது, தண்ணீரில் போட்டால் மூழ்கிச் சாகும். நம் மொழியில் கடலில் இருப்பதும் குளத்தில் இருப்பதும் முள்காட்டில் இருப்பதும் எல்லாமே ஆமைதான், அதனால் ஓனரம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். நான் சில வருடம் கோலார், மதனப்பள்ளிப் பக்கம் களப்பணியில் இருந்தவள். பிடிபட்டு வரும் ஆமைகளில் முக்கால்வாசி இப்படித் தண்ணீரில் ஊறி, சளி பிடித்து, மூக்கில் நுரையோடுதான் வரும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: தண்ணீரைக் கொட்டிவிட்டு டப்பைத் துடைத்துக் காயவையுங்கள். ஒரு பக்கம் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து நிழல், இன்னொரு பக்கம் காலை வெயில். குடிக்க ஒரு தட்டில் கொஞ்சம் தண்ணீர் போதும். சாதம், தயிர் இரண்டையும் நிறுத்துங்கள். அருகம்புல், செம்பருத்தி இலை, செம்பருத்திப்பூ கொடுங்கள், பூவைக் கண்டால் ஓடி வரும் பாருங்கள். ஓட்டை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்து எழுதுங்கள், கல் மாதிரி இருக்கிறதா, பழைய ரப்பர் செருப்பு மாதிரி அமுங்குகிறதா? ஓட்டின் மேடுகள் தனித்தனிக் கோபுரமாக எழும்பியிருக்கின்றனவா?

சரி, ஏரி வேண்டாம், எங்காவது புதர்க்காட்டில் விடுகிறேன் என்று அடுத்து கேட்பீர்கள். அதுவும் வேண்டாம். எங்கே பிடித்தது என்று தெரியாத ஆமை, ஊர் பேர் தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற குழந்தை மாதிரி. நட்சத்திர ஆமை குஜராத், ராஜஸ்தான் பக்கம் ஒரு கூட்டம், நம் தென்னிந்தியாவில் ஒரு கூட்டம், இலங்கையில் ஒரு கூட்டம் என்று தனித்தனியாக இருக்கிறது, மரபணுவும் வேறு. சிங்கப்பூரில் பிடிபட்டுத் திரும்பி வந்த ஆமைகளை ஹைதராபாத்தில் இருக்கிற சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வகத்தில் சோதித்து 2006இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள், ஒரே பெட்டியில் வந்தவை ஒரே ஊர்க்காரர்கள் இல்லை, கலவை என்று தெரிந்தது. கடத்தல்காரனுக்கு ஊர் வித்தியாசம் ஏது, சாக்கு நிறைந்தால் சரி. அதைக் கண்ட இடத்தில் விட்டால் அங்கே இருக்கிற கூட்டத்தோடு கலந்துவிடும். அதைவிடப் பயம் நோய். உங்கள் லட்சுமி அந்தக் கடையில் வேறு என்னென்ன பிராணிகளோடு கிடந்தது என்று யாருக்குத் தெரியும். மூக்கொழுகும் ஒரு ஆமை போதும், நல்ல இடத்தையும் கெடுத்துவிடும்.

2018 நவம்பரில் சிங்கப்பூரிலிருந்து 51 நட்சத்திர ஆமைகளை விமானத்தில் நம் பெங்களூருக்குக் கொண்டுவந்தார்கள். அவற்றையும் இறங்கியதும் காட்டில் கொட்டிவிடவில்லை, முதலில் தனியாக வைத்துப் பார்த்தார்கள். ஆமையைப் பிடிக்க ஒரு நிமிஷம் போதும், திருப்பி விடுவதற்குத்தான் இத்தனை பாடு.

---

கறுப்புக் கோட்டு:

வக்கீல்தான், ஆனால் இது பொதுவான தகவல், உங்கள் கேஸுக்கான ஆலோசனை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நட்சத்திர ஆமை முன்பு நான்காம் அட்டவணையில் இருந்தது. அந்தக் காலத்தில் பிடிபட்டால் பெரும்பாலும் ஒரு தொகையைக் கட்டிச் சமரசமாக முடித்துக்கொண்டு போய்விடலாம். 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது, அதில் ஆமையை முதல் அட்டவணைக்கு ஏற்றிவிட்டார்கள். புலி, யானை இருக்கிற அதே அட்டவணை. குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஏழு வருடம், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். எல்லோரும் இந்த வருடக் கணக்கைத்தான் பேசுவார்கள், ஆனால் உண்மையான மாற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. குறைந்தபட்ச சிறைத்தண்டனை சொல்லப்பட்ட குற்றத்தைப் பணம் கட்டிச் சமரசம் செய்ய முடியாது என்று 54ஆம் பிரிவே சொல்கிறது. பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே வருகிற அந்தக் கதவை மூடியாயிற்று.

வாங்கியது நான்கு வருடத்துக்கு முன்னால், அப்போது சட்டம் வேறு என்று கேட்கலாம். வாதாட இடம் இருக்கிறது. ஆனால் வாங்கியது அன்றைக்கு, வைத்திருப்பது இன்றைக்கும். எழுபது வயது அம்மாவை அந்த வாதம் நடக்கிற இடம்வரை ஏன் கூட்டிப் போக வேண்டும்?

இப்போது உங்கள் விஷயம். வீடு அவருடையது, டப் அவருடையது, ஆமை அவர் வசம். மாடிக்குத் துணி காயப்போடப் போவதால் நீங்கள் குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள். ஆனால் ராத்திரி பையில் போட்டு எடுத்துப் போகிறேன் என்றீர்களே, கதவைத் தாண்டிய நிமிஷத்திலிருந்து அது உங்கள் வசம். வழியில் யாராவது நிறுத்திப் பார்த்தால், இது சட்டவிரோதமாக வைத்திருப்பது இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பாரம் 57ஆம் பிரிவின்படி உங்கள் தலையில். நல்லது செய்யப் போனேன் சார் என்பதைத்தான் கடத்துகிறவனும் சொல்வான்.

39ஆம் பிரிவு இப்படிப்பட்ட விலங்கை அரசின் சொத்து என்கிறது. கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்து ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. ஓனரம்மா அந்தக் கெடுவை நான்கு வருடம் தாண்டிவிட்டார் என்பது வேறு. இருந்தாலும் தானாக முன்வந்து ஒப்படைப்பதும் பிடிபடுவதும் ஒன்றாகாது. எழுத்தில் ஒரு கடிதம் எழுதி, அதன் நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் ஆமையைக் கையில் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

---

இகுவானா மச்சான்:

ஏன் இவ்வளவு பயம் ப்ரோ, ஆன்லைனில் பதிவு பண்ணிவிட்டால் முடிந்தது. என் மச்சான் அவனுடைய இகுவானாவுக்குப் பண்ணினான், இப்போது ஜம்மென்று வைத்திருக்கிறான்.

---

கறுப்புக் கோட்டு:

மச்சானின் மச்சானுக்கு வாழ்த்து. ஆனால் 2024இல் வந்த அந்த விதி சைட்டிஸ், அதாவது அழியும் ஆபத்தில் இருக்கிற உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சர்வதேச ஒப்பந்தம், அதன் பட்டியலில் இருக்கிற வெளிநாட்டு உயிரினங்களுக்கு. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்வது அதற்காகத்தான். நம் காட்டு ஆமைக்கும் பச்சைக்கிளிக்கும் அந்த வாசல் கிடையாது. ஆமாம், கூண்டுக்கிளியும் குற்றம்தான், ஜோசியக்காரர்கள் பாவம் என்று அடுத்த சண்டையை இங்கே ஆரம்பிக்காதீர்கள்.

---

சும்மா கேட்டேன்:

எல்லோரும் ரொம்ப நல்லவர்களாகப் பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் கெட்டவனாகப் பேசுகிறேன்.

2023 ஆகஸ்டில் நம் கெம்பேகவுடா விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் 234 விலங்குகள். மலைப்பாம்பு, பச்சோந்தி, முதலைக்குட்டி, ஒரு கங்காருக் குட்டிகூட. கங்காரு மூச்சு முட்டிச் செத்தே போயிருந்தது. செய்தியில் வந்தது பெட்டியைத் தூக்கி வந்த ஆள். அதற்குப் பணம் போட்டவன், பெங்களூரில் அதை வாங்கக் காத்திருந்தவன், அவன் வீட்டு ஹாலில் இருக்கிற கண்ணாடித் தொட்டி, இதெல்லாம் யார் கண்ணில் பட்டது? அதே வருடம் அக்டோபரில் கன்னட ரியாலிட்டி ஷோவில் ஒருவர் புலிநகம் கோத்த சங்கிலியோடு வந்தார் என்று ஷோ ஓடிக்கொண்டிருக்கும்போதே கைது. ஊரே பார்த்தது, சரி. ஆனால் புலியைக் கொன்றவனைப் பற்றி யாராவது ஒரு வாரத்துக்கு மேல் பேசினோமா?

இப்போது தயிர்சாதம் ஊட்டுகிற ஒரு பாட்டி. அவரைப் பிடிப்பது சுலபம், ஏனென்றால் அவர் ஓட மாட்டார். மூன்று வருடம் ஏழு வருடம் என்று தண்டனையை ஏற்றிக்கொண்டே போனால் பெரியவன் நல்ல வக்கீல் வைப்பான், சின்னவன் உள்ளே போவான். இதைத் தவிர வேறு என்ன நடந்துவிடப் போகிறது?

---

புதர்க்காடு:

சும்மா கேட்டேன் அண்ணா, கோபம் நியாயம்தான், பாதிவரை நானும் உங்கள் பக்கம். ஆனால் பாட்டியையும் கடத்தல்காரனையும் இரண்டு தனி உலகமாகப் பார்க்காதீர்கள். 2015இல் வந்த ஒரு ஆய்வின்படி இந்தியாவில் ஒரே ஒரு வணிக மையத்திலிருந்து மட்டும் ஒரு வருடத்தில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் போயிருக்கின்றன, அதில் பெரும்பாலும் குட்டிகள். இத்தனையையும் யாரோ ஒருவர் கையில் எடுத்துக் கொஞ்சத்தான் வாங்கியிருக்கிறார்கள். நகத்துக்கும் தோலுக்கும் கொல்கிற கதை வேறு, இது அன்பால் காலியாகிற இனம். வாங்குகிற எவருக்கும் தான் தவறு செய்கிறோம் என்ற நினைப்பே இருக்காது, அதுதான் இதில் கஷ்டம்.

2019 ஜெனீவா கூட்டத்தில் சைட்டிஸ் இந்த ஆமையை இரண்டாம் பட்டியலிலிருந்து முதல் பட்டியலுக்கு மாற்றியது. அதற்கு முன்பு வெளிநாட்டில் யாராவது கேட்டால் பண்ணையில் பிறந்தது என்று ஒரு காகிதத்தை நீட்டினால் வேலை நடந்துவிடும். இப்போது அந்த வழி குறுகிவிட்டது. பட்டியல் மாற்றம் என்றால் டெல்லியில் யாரோ கோப்பைப் புரட்டுவது என்றுதான் நானும் முன்பு நினைத்தேன். ஆனால் களத்தில் நிற்கும்போது இது எந்தப் பட்டியல் என்பதைப் பொறுத்துத்தான் ரேஞ்சர் ஜீப்பை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்.

தண்டனையை ஏற்றினால் மட்டும் போதாது என்கிற உங்கள் கடைசி வரியை ஒப்புக்கொள்கிறேன். கேஸ் பெரும்பாலும் தோற்பது காகிதத்தில்தான். இந்தச் சட்டத்தில் போலீஸ் குற்றப்பத்திரிகையோடு வேலை முடியாது, அதிகாரம் உள்ள அதிகாரி கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். கறுப்புக் கோட்டு சார் வந்து திருத்தட்டும்.

---

கறுப்புக் கோட்டு:

திருத்த ஒன்றுமில்லை, 55ஆம் பிரிவு. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 50ஆம் பிரிவில் உதவி வனப் பாதுகாவலர் மட்டத்துக்குக் குறையாத அதிகாரி, குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் வாக்குமூலம் பதிவு செய்தால் அது கோர்ட்டில் சாட்சியமாக நிற்கும். அந்த முன்னிலையில் என்கிற ஒரு வார்த்தையை மறந்துவிட்டு வீணான பக்கங்கள் எத்தனையோ.

---

கோலார் தங்கம்:

நான் கேஜிஎஃப், ராபர்ட்சன்பேட்டை. அப்பா சுரங்கத்தில் இருந்தார், 2001இல் மூடினார்களே அதுவரை. சின்ன வயதில் நாங்கள் இந்த ஆமையைத் தேடிப் போனதே இல்லை, அதுவாக வரும். முதல் மழை பெய்து, மண் வாசனை அடங்கி, மறுநாள் காலை கொல்லைக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் நின்றால் கற்றாழை வேலிக்குக் கீழே இருந்து ஒன்று, அதற்குப் பின்னால் ஒன்று என்று புல்லைக் கடித்துக்கொண்டு நடந்து வரும். பக்கத்துக் கிராமத்துப் பையன்கள் பொறுக்கி வைத்திருப்பார்கள். டிவிஎஸ் வண்டியில் ஒரு ஆள் வருவார், கோணிச் சாக்கு இருக்கும், ஆமைக்கு இவ்வளவு என்று சில்லறை கொடுத்துவிட்டுப் போவார். அந்தப் பையன்களைக் கடத்தல்காரன் என்றால் எனக்குச் சிரிப்பு வரும். பரீட்சைப் பீஸ் கட்டினவனும் உண்டு, பரோட்டா தின்றவனும் உண்டு.

நான் சொல்ல வந்தது வேறு. தம்பி புதர்க்காட்டில் விடலாமா என்று கேட்பார் என்றார்களே, புதர்க்காடு எங்கே இருக்கிறது? இந்த ஆமை சரணாலயத்துக்குள் வேலி போட்டு வாழ்கிற ஜாதி இல்லை. முள்ளும் புல்லும் கிடக்கிற மேய்ச்சல் நிலம், வரப்பு, ஏரிக்கரை, இதுதான் அதன் வீடு. அதெல்லாம் சர்க்கார் கணக்கில் தரிசு. தரிசு என்று எழுதிவிட்டால் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். எங்கள் ஊர்ப் பக்கம் லேஅவுட் வந்தது, கல்குவாரி வந்தது. அந்தப் பக்கம் தும்கூர் ஜில்லா பாவகடாவில் 13,000 ஏக்கரில் சோலார். நான் சோலாருக்கு எதிரி இல்லை, என் வீட்டிலேயே போட்டிருக்கிறேன். ஆனால் ஆமையை முதல் அட்டவணையில் வைத்துவிட்டு, அது நடக்கிற நிலத்தைத் தரிசு என்று எழுதிவைத்திருக்கிறோம். ஆமையைத் தொட்டால் ஏழு வருடம், அதன் ஊரையே ஜேசிபி வைத்து வழித்தால் ஒன்றுமில்லை.

ஓனரம்மாவைப் பயமுறுத்தாமல் பேசுங்கள் தம்பி. எங்கள் வயதுக்காரர்களுக்குப் போலீஸ் என்ற வார்த்தையே போதும், பிபி ஏறிவிடும்.

---

மூன்றாவது மாடி:

எல்லோருக்கும் நன்றி. ஏரி யோசனையை விட்டுவிட்டேன், வெட்கமாக இருக்கிறது.

புதர்க்காடு அக்கா, தண்ணீரைக் கொட்டிவிட்டேன். ஓட்டை அழுத்திப் பார்த்தேன், பின்பக்கம் லேசாக அமுங்குகிறது. மேடுகள் நீங்கள் சொன்ன மாதிரியே, குட்டிக் குட்டிக் கோபுரம். மூக்கில் ஒன்றும் இல்லை. செம்பருத்திப்பூ வைத்தேன், இரண்டு நிமிஷத்தில் காலி, முகமெல்லாம் சிவப்பு. பிறாண்டுவது மட்டும் நிற்கவில்லை.

நேற்று ஓனரம்மாவிடம் பேசினேன். சட்டத்தைப் பற்றி எடுத்ததும் சொல்லவில்லை, இது தண்ணீர் ஆமை இல்லையாம் அம்மா என்றுதான் ஆரம்பித்தேன். அதற்கே கண் கலங்கிவிட்டார். "நாலு வருஷமா தண்ணிலயா வெச்சிருந்தேன்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். ஜெயில் சமாச்சாரம் வந்தபோது எதிர்பார்த்த அளவுக்குப் பயப்படவில்லை, மகன் பெயர் அடிபடுமா என்றுதான் கேட்டார். யாரைக் கூப்பிடுவது?

---

புதர்க்காடு:

கர்நாடக வனத்துறை உதவி எண் 1926. இல்லையென்றால் மல்லேஸ்வரம் 18ஆவது கிராஸில் அரண்ய பவன், வனத்துறைத் தலைமை அலுவலகம். ஆமையை நீங்கள் எடுத்துப் போகாதீர்கள், அவர்கள் வந்து எடுக்கட்டும். ஓடு அமுங்குவது கால்சியமும் வெயிலும் இல்லாததால், கூடியமட்டும் சரியாகும். கோபுரம் மட்டும் அப்படியே இருக்கும், இனி மாறாது. இந்த நிலையில் அதைக் காட்டில் விடுவார்களா என்று கேட்டால், எனக்குச் சந்தேகம்தான். அனேகமாக மீட்பு மையத்திலேயே இருக்கும். இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றமாக இருக்கும்.

---

மூன்றாவது மாடி:

ஆறு நாள் கழித்து எழுதுகிறேன். இரண்டு பேர் வந்தார்கள், கன்னடத்திலும் தமிழிலும் கலந்து பேசினார்கள், மரியாதையாகவே. கடிதம் கொடுத்தோம், நகலில் கையெழுத்து வாங்கினோம். ஓனரம்மா குங்குமத்தைத் தன் முந்தானையால் துடைத்துத்தான் கொடுத்தார், அவர்களாகக் கேட்கவில்லை.

அப்புறம் எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். மகனுக்கு போன் போட்டோம், ஸ்பீக்கரில். கடை நினைவில்லை, நம்பர் இல்லை, அது ஏதோ வாட்ஸ்அப்பில் வந்தது, இதையெல்லாம் எதற்கு இழுக்கிறீர்கள் என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஓனரம்மா எழுந்து உள்ளே போய்ப் பழைய பால் கணக்கு நோட்டை எடுத்து வந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகத் திருப்பினார். ஒரு மாதத்தின் அரை லிட்டர், ஒரு லிட்டர் வரிசைக்கு ஓரத்தில் "ஆமைக் கடை" என்று எழுதி ஒரு மொபைல் நம்பர். மகன் இன்னும் லைனில்தான் இருந்தார். ஓனரம்மா அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் நோட்டோடு அப்படியே நீட்டினார், அவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள்.

---

சும்மா கேட்டேன்:

பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்த நம்பர் என்ன ஆயிற்று என்று மூன்று மாதம் கழித்து இங்கேயே வந்து கேட்பேன், ஓடிவிடாதீர்கள்.

---

மூன்றாவது மாடி:

ஓடமாட்டேன் அண்ணா, அட்வான்ஸ் அவரிடம் இருக்கிறது. நீல டப்பில் இப்போது கருவேப்பிலைக் கன்று.